இரண்டு சபாபதிகள்

மாணவர்களே, நம் சித்தூரிலும் திருப்பதியிலும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. நாடக மேடையிலும் இவ்வுறவு உண்டு. 1891ஆம் ஆண்டு பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவினர் சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடித்தனர். அதுவரை நாடகத்தை இழிவாக எண்ணிய 18 வயது பம்மல் சம்பந்தனார், அவற்றைக் கண்டு மனம் மாறினார். அவ்வாண்டே நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கித் தமிழில் நாடகம் எழுதலானார்.

அவருடைய நகைச்சுவை நாடகங்களுள் புகழ்பெற்றது 'சபாபதி'. செல்வர் வீட்டு இளைஞனுக்கும் அவன் வேலைக்காரனுக்கும் அதுவே பெயர். வேலைக்காரன் எச்சொல்லையும் சொன்னபடியே பொருள்கொள்வான், குழப்பம் விளையும். சிந்தியாமல் ஏவும் எசமானனும் நகைப்புக்கு உரியவனே என்பேன். 1941இல் இது ஏ. வி. மெய்யப்பனால் திரைப்படமாயிற்று. அதில் தேர்வில் தோற்ற இளைய சபாபதி, மணந்த பின் மனைவி சிவகாமியின் துணையால் படித்துத் தேர்ச்சி பெறுகிறான்.