சேறு மறைக்கும் அடையாளம்

திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. இத்தகைய உள்நாட்டுக் குளங்களின் சேற்றோரத்தில் குளிர்காலத்தில் இரை தேடும் சின்னஞ்சிறு பறவைகளில் கொசு உள்ளானும் டெமின்க் உள்ளானும் உண்டு. இரண்டும் ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவுதான். இவற்றைப் பிரித்தறியக் கையேடுகள் முதலில் சொல்வது கால் நிறம்: கொசு உள்ளானுக்குக் கறுப்பு, டெமின்குக்கு வெளிர்மஞ்சள். ஆனால் சேறு அப்பிய மஞ்சள் காலும் கறுப்பாகத்தான் தெரியும். ஆகவே ஒற்றை அடையாளத்தை நம்பிப் பெயர் சொல்லக் கூடாது என்பதே என் வாதம். டியூப்லைட்டில் பொருந்திய சாய ஷேடைப் பகல் வெளிச்சத்திலும் லைட் பாக்ஸிலும் வைத்துப் பார்த்த பிறகே துணியை அனுப்பும் திருப்பூருக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. பறக்கும்போது டெமின்கின் வாலோர இறகுகள் வெள்ளையாகத் தெரியும். கொசு உள்ளானுக்கு அவை சாம்பல். டெமின்கின் மார்பு முழுக்க மங்கலாக இருக்கும்; மற்றதற்கு நடுமார்பு வெண்மை. டெமின்க் புல்லோரமாகப் பதுங்கி மெல்ல நகரும். கொசு உள்ளான் திறந்த சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும். இவற்றில் இரண்டு மூன்றாவது ஒத்துப்போக வேண்டும்.

பழகிய கண்ணுக்கு ஒரு பார்வையே போதும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த ஒரு பார்வையில் நடை, உருவம், நிற்கும் இடம் எல்லாமே அடங்கியிருக்கின்றன. கண்டது என்ன என்று எழுதி வைத்தால்தான் அடுத்தவர் சரிபார்க்க முடியும். குளம் பிழைத்தால் போதாதா, எந்த உள்ளானாக இருந்தால் என்ன என்பது இன்னும் வலுவான கேள்வி. ஓர் இனத்தின் அல்லது துணையினத்தின் மொத்தப் பறவைகளில் 1 விழுக்காடு தவறாமல் வந்து தங்கும் நீர்நிலையை முக்கியமானதாகக் கொள்வது ராம்சர் அளவுகோல்களில் ஒன்று. இனம் தப்பினால் அந்தக் கணக்கே தப்பிவிடும். இனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கடலிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: தென் அட்லாண்டிக்கின் டிரிஸ்டன் அல்பட்ராஸையும் அலையும் அல்பட்ராஸையும் கடலில் பார்த்துப் பிரிப்பது மிகக் கடினம். முன்னது ஏறக்குறைய முழுவதும் காஃப் தீவில் மட்டுமே குஞ்சு பொரிக்கிறது. அங்கே மனிதர்களோடு வந்திறங்கிய சுண்டெலிகள் குஞ்சுகளை உயிரோடு தின்கின்றன. இரண்டையும் ஒன்றாக எண்ணினால், சிறிய கூட்டத்தின் அழிவு பெரிய கூட்டத்தின் எண்ணிக்கைக்குள் மறைந்துபோகும்.

உறுதியில்லாதபோது இனப்பெயரைத் தவிர்ப்பதால் தரவு வீணாகாது. ‘உள்ளான் வகை, 40’ என்ற பதிவு குறைவாகச் சொன்னாலும் உண்மையைச் சொல்கிறது. பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் தளத்தில் அப்படிப் பதியவும் இடமிருக்கிறது. புதிதாகப் பறவை பார்க்க வருபவர்கள் அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.