ஒரு கயிற்றில் இரு வானூர்திகள்

நுழையும்முன்

உச்சிப்பொழுதில் பருந்து ஒன்று இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு மேலேறுவதைக் காணாதவர் இலர். அக்காட்சியில் மனம் பறிகொடுத்த மனிதன், பொறியின்றிப் பறக்கும் சறுக்கு வானூர்தியைப் படைத்தான். அதனைச் சிற்றுருவில் அமைத்து, தரையில் நின்றவாறே வானொலி அலைகளால் இயக்கி மகிழும் கலை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அக்கலையில் ஈடுபட விழைவோர்க்குத் தமக்கேற்ற வானூர்தியைத் தேர்ந்தெடுப்பதே முதற்பாடம் ஆகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி, 1804ஆம் ஆண்டில் நிலைத்த இறக்கையும் தனி வாலும் கொண்ட சிறிய சறுக்கு வானூர்தி ஒன்றைச் செய்து பறக்கவிட்டார். ஆள் ஏறிச் செல்லும் வானூர்திக்கு முன்னரே மாதிரி வானூர்தி தோன்றிவிட்டது என்பது கருதத்தக்கது. பின்னர், ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் 1891 முதல் தாமே இறக்கைகளைத் தாங்கி, குன்றிலிருந்து பலமுறை பறந்தார். 1896இல் நேர்ந்த விபத்தில் உயிர்நீத்தார்.

முதல் உலகப்போருக்குப் பின் 1919இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை, ஜெர்மனியில் பொறியுள்ள வானூர்திகளுக்குக் கடுமையான தடைகளை விதித்தது. எனவே, அந்நாட்டு மாணவர்களும் பொறியாளர்களும் பொறியற்ற வானூர்தியின்பால் நாட்டம் கொண்டனர். ஏறத்தாழ 950 மீட்டர் உயரமுள்ள வாசர்குப்பே என்னும் மலையில் 1920இல் சறுக்கு வானூர்திப் போட்டி தொடங்கியது. அம்மலையில் இன்று அமைந்துள்ள அருங்காட்சியகத்தில் முழு உருவ வானூர்திகளுடன் மாதிரி வானூர்திகளும் இடம்பெற்றுள்ளன. அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் 1937இல் வானொலி அலையால் இயங்கும் மாதிரி வானூர்தியைப் பறக்கவிட்டனர். கையிலிருக்கும் பரப்பியின் குறிப்பை வானூர்தியிலுள்ள ஏற்பி பெற்று, சிறு மோட்டார்களின் வழியே வாலையும் இறக்கைத் தட்டுகளையும் அசைப்பதே இதன் அடிப்படை.

உயரமே எரிபொருள்

சறுக்கு வானூர்தி, காற்றைப் பொறுத்தவரை எப்போதும் கீழ்நோக்கியே சறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு உயரமே எரிபொருள். ஒரு மீட்டர் கீழிறங்கும்போது எத்தனை மீட்டர் முன்னேறுகிறது என்பதே அதன் சறுக்கு விகிதம். அவ்விகிதம் 15 எனின், 100 மீட்டர் உயரத்திலிருந்து அசையாக் காற்றில் 1500 மீட்டர் செல்லும். வெயிலால் சூடான நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றோட்டத்துள் அது புகுந்துவிட்டால், காற்று மேலேறும் வேகம் வானூர்தி கீழிறங்கும் வேகத்தை விஞ்சுகிறது. அப்போது வானூர்தியும் பருந்தைப்போல் உயர்கிறது.

தொடக்க உயரத்தைப் பெறும் வழிகள் பல. கையால் எறியலாம், இரப்பர்க் கயிற்றால் இழுத்துவிடலாம், மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றில் மிதக்கவிடலாம், மூக்கில் மடங்கும் விசிறியுடைய மின்மோட்டாரைப் பொருத்தலாம். இவை எல்லாவற்றிலும் அழகியது, பொறியுள்ள மற்றொரு மாதிரி வானூர்தி கயிற்றால் கட்டி மேலே இழுத்துச் செல்லும் முறை ஆகும்.

சறுக்கு வானூர்தியைத் தேர்தல்

புதிதாகத் தொடங்குவோரின் கண்கள் பெரும்பாலும் பெரிய, பளபளப்பான வானூர்தியின்மீதே பதியும். ஆயினும், தேர்வு தொடங்கவேண்டிய இடம் கடை அன்று, பறக்கவிடும் திடல். திடலின் நீளம், சுற்றியுள்ள மரங்கள், மின்கம்பிகள், வீசும் காற்று, பறக்கவிடுபவரின் பயிற்சி ஆகியவற்றை எண்ணிப் பார்த்த பின்னரே வானூர்தியை எண்ணவேண்டும்.

தொடக்கநிலையினர்க்கு ஏறத்தாழ 2 மீட்டர் இறக்கை நீளமும் நுரைப்பொருள் உடலும் கொண்ட வானூர்தி ஏற்றது. நுரையுடல் மோதினாலும் எளிதில் சிதையாது. உடைந்தால் பசையிட்டு ஒட்டலாம். இறக்கையின் இரு பக்கங்களும் மேல்நோக்கிச் சற்றே வளைந்திருப்பின், சாய்ந்த வானூர்தி தானே நிமிரும் இயல்பைப் பெறும். அத்தகைய வானூர்தியைச் சுக்கானும் வாலின் ஏற்றத்தட்டும் கொண்டே இயக்கிவிடலாம். சிறிது தேர்ச்சி பெற்றபின், இறக்கை முனைகளில் அசையும் ஏலிரான் தட்டுகளையுடைய வானூர்திக்கு மாறலாம். நீண்ட இறக்கையில் ஏலிரானை மட்டும் அசைத்தால் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்ப முனையும். அதனால் சுக்கானையும் உடன் இயக்கக் கற்கவேண்டும்.

போட்டிகளில் விருப்பமுடையோர்க்குத் தனித்தனி வகைகள் உள்ளன. உலக வானூர்தி விளையாட்டுக் கூட்டமைப்பின் எஃப்3கே என்னும் வகையில் இறக்கை நீளம் 1.5 மீட்டரைத் தாண்டலாகாது. வீரர் இறக்கை முனையைப் பற்றி, வட்டெறிவதுபோல் சுழன்று எறிவார். எஃப்5ஜே என்னும் வகையில் மின்மோட்டாரை 30 நொடிக்குமேல் இயக்கலாகாது. ஏறிய உயரத்திற்கேற்பப் புள்ளிகள் குறைக்கப்படும். குறைந்த உயரத்திலிருந்து தொடங்கி நெடுநேரம் மிதப்பவரே சிறந்தவர் எனக் கொள்ளப்படுகிறார்.

அளவு பெருகினால்

உண்மை வானூர்தியின் உருவத்தை அப்படியே சுருக்கிச் செய்வன அளவொத்த மாதிரிகள். ஜெர்மனியின் ஏஎஸ்கே 21 என்னும் இருவர் அமரும் பயிற்சி வானூர்தியின் இறக்கை நீளம் 17 மீட்டர். அதனை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் 4.25 மீட்டர் ஆகும். நீளம் நான்கில் ஒன்றாகும்போது பரப்பு பதினாறில் ஒன்றாகவும், கன அளவு அறுபத்து நான்கில் ஒன்றாகவும் குறையும். ஆகவே, 600 கிலோகிராம் பறப்பெடைக்கு ஈடான மாதிரியின் எடை ஏறத்தாழ 9.4 கிலோகிராம். இறக்கையின் ஓர் அலகுப் பரப்பு தாங்கும் எடையும் நான்கில் ஒன்றாகும். அதற்கேற்பப் பறக்கும் வேகம் உண்மை வேகத்தில் பாதியாகும்.

அலகுப் பரப்பு தாங்கும் எடை குறைவாயின் வானூர்தி மெல்லப் பறக்கும்; ஆனால், பலத்த காற்று அதனைத் தள்ளிக்கொண்டு போகும். அது மிகுதியாயின் எதிர்க்காற்றைக் கிழித்துச் செல்லும்; ஆனால், தரையிறங்க நீண்ட திடல் வேண்டும். இரண்டு நலன்களையும் ஒருங்கே தரும் வானூர்தி இல்லை. தேர்வு என்பது எந்த நலனுக்காக எதனை விட்டுக்கொடுப்பது என்று தெளிவதே ஆகும்.

இழுவை வானூர்தியைத் தேர்தல்

இழுவை வானூர்திக்கு வேகத்தைவிட வலிமையே முதன்மை. குறைந்த வேகத்திலும் நிலைகுலையாமல் பறப்பதும், பின்னால் சுமையோடு சீராக மேலேறுவதும் அதன் இலக்கணங்கள். பயிர்களுக்கு மருந்து தெளிப்பதற்கென உருவாக்கப்பட்ட பைப்பர் பானி என்னும் அமெரிக்க வானூர்தி, இவ்வியல்புகளால்தான் பின்னாளில் சறுக்கு வானூர்திகளை இழுக்கும் பணிக்குப் பெயர்பெற்றது. பைப்பர் சூப்பர் கப், போலந்து நாட்டின் வில்கா ஆகியனவும் அவ்வாறே. மாதிரி வானூர்தி ஆர்வலர்களும் இவற்றின் உருவங்களையே பெரிதும் விரும்புகின்றனர்.

நுரையாலான சிறு சறுக்கு வானூர்தியை இழுக்க, மின்மோட்டார் பொருத்திய 1.4 மீட்டர் இறக்கையுள்ள உயர்சிறகு வானூர்தியே போதும். 10 கிலோகிராம் எடையுள்ள பெரிய மாதிரிக்குப் பெட்ரோல் எஞ்சின் கொண்ட பெரிய இழுவை வானூர்தி தேவை. இழுபடுவதை நன்கு அறிந்தபின் இழுப்பதைத் தேர்வதே முறை.

கயிறு பூட்டும் கொக்கி அமையும் இடமும் நோக்கத்தக்கது. கொக்கி வாலின் முனையில் இருக்கும்போது, பின்னால் வரும் வானூர்தி அளவுமீறி உயர்ந்தால், அது இழுவை வானூர்தியின் வாலை மேலே தூக்கி மூக்கைத் தரைநோக்கித் திருப்பிவிடும். ஈர்ப்பு மையத்திற்கு அருகில், உடலின் மேற்புறத்தில் கொக்கியை அமைத்தால் அவ்விடர் பெரிதும் குறையும். தொலைவிலும் நிலை தெளிவாகத் தெரியுமாறு, இறக்கையின் மேற்புறமும் அடிப்புறமும் வேறுவேறு வண்ணங்களில் இருப்பதும் நன்று.

இருவர் இணைந்த பயணம்

இழுவைப் பறப்பில் இயக்குவோர் இருவர், பரப்பிகளும் இரண்டு. இருவரும் அருகருகே நின்று, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்குமாறு செயல்படுவர். கயிறு விறைத்த பின்னரே இழுவை வானூர்தி விரைவு கொள்ளும். நீண்ட இறக்கையுடைய சறுக்கு வானூர்தி பெரும்பாலும் முதலில் தரையைவிட்டு எழும். அவ்வேளையில் அது உயரப் பறக்க முந்தினால் முன்னது தடுமாறும். எனவே, பின்னது பொறுமையுடன் தாழப் பறந்து முன்னதைத் தொடரவேண்டும். முன்னது மெதுவாகவும் அகன்ற வட்டத்திலும் திரும்பவேண்டும். ஒருவரது அவசரம் இருவரது உழைப்பையும் வீழ்த்திவிடும்.

வேண்டிய உயரம் எய்தியதும் சறுக்கு வானூர்தியின் இயக்குநர் அறிவித்துவிட்டுக் கயிற்றை விடுவிப்பார். பின்னர், இரண்டும் வெவ்வேறு திசைகளில் விலகும். இடர் நேரின் எவர் வேண்டுமானாலும் கயிற்றை விடுவிக்கும்வகையில் இரண்டு வானூர்திகளிலும் விடுவிப்புக் கருவி இருத்தல் இன்றியமையாதது. பறக்கும் முன்னர் இரண்டையும் இயக்கிப் பார்ப்பது கடமை.

தெரிந்து தெளிவோம்

இயக்க ஆற்றல் = ½ × நிறை × திசைவேகத்தின் இருமடி.
1 கிலோகிராம் நிறையுள்ள வானூர்தி நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் ஆற்றல் 32 ஜூல்.
9 கிலோகிராம் நிறையுள்ளது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்லும்போது ஏறத்தாழ 1012 ஜூல்.
160 கிராம் நிறையுள்ள கிரிக்கெட் பந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது ஏறத்தாழ 121 ஜூல்.

பொழுதுபோக்கும் பொறுப்பும்

மேற்கண்ட கணக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. பெரிய மாதிரி வானூர்தி ஒன்று, விரைவாக வீசப்பட்ட கிரிக்கெட் பந்தைவிட எட்டு மடங்கிற்கும் மேற்பட்ட ஆற்றலைச் சுமந்து செல்கிறது. அது விளையாட்டுப் பொருளன்று. ஆகவே, மக்கள் கூடுமிடத்தின்மேலோ சாலையின்மேலோ அதனைப் பறக்கவிடலாகாது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள், 25 கிலோகிராமுக்கு மேற்படாமல், கல்வி, ஆய்வு, பொழுதுபோக்கு முதலியவற்றுக்காக மட்டும், கண்பார்வைக்குள் இயக்கப்படும் ஆளில்லா வானூர்திகளை ‘மாதிரி’ எனப் பிரித்துரைக்கின்றன. வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுத்து, முதலிரண்டில் பறக்க முன் இசைவு வேண்டும் எனவும் அவை கூறுகின்றன.

தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் மாதிரி வானூர்திப் பயிற்சியும் இடம்பெறுகிறது. ஆர்வமுள்ள மாணவர், அறிந்தோர் ஒருவரின் மேற்பார்வையில் எளிய நுரை வானூர்தியுடன் தொடங்கலாம். ஈர்ப்பு மையத்தைச் சரிபார்ப்பது, காற்றின் திசை அறிந்து எறிவது, நினைத்த இடத்தில் மெல்ல இறக்குவது ஆகிய மூன்றும் கைவந்தபின் அடுத்த படியை நாடலாம்.

பெரிதாக இருப்பதே சிறந்தது என்று எண்ணித் தேர்ந்தெடுத்த வானூர்தி முதல் நாளிலேயே உடைந்து மூலையில் கிடப்பதுண்டு. தன் திடலையும் திறனையும் அளந்து தேர்ந்தெடுத்த சிறு வானூர்தி நாள்தோறும் வானில் மிதப்பதுண்டு. கயிற்றைப் பற்றித் தன்னை மேலே கொண்டுசென்ற துணையின் வேகத்திற்கு இசைந்து பறந்து, உரிய உயரத்தில் விடுபட்டு, பின் தன் திறனால் காற்றைக் கண்டறிந்து உயர்வதே சறுக்கு வானூர்தியின் பயணம். கற்பவர் பயணமும் அத்தகையதே.