வெள்ளத்தில் மிதந்தது சென்னை! கோப்பையுடன் வந்தது கால்பந்து அணி!

பென்னலூரில் இருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில், வழியில் வருகிறது செம்பரம்பாக்கம் ஏரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் இந்த ஏரிக்குத்தான் வந்து சேரும். ஏரி நிரம்பினால், தண்ணீர் அடையாற்றில் இறங்கும்.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி அதுதான் நடந்தது. விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. சென்னை மிதந்தது. விமான நிலையம் மூடப்பட்டது.

அந்த நேரத்தில், பிறந்து ஓர் ஆண்டே ஆன ஒரு கால்பந்து அணி, வாழ்வா சாவா என்ற நிலையில் ஆடிக்கொண்டு இருந்தது.

ஒரு கோலில் போனது

அதன் பெயர் "சென்னையின் எப்.சி." "சென்னையின் என்ன?" என்று பலர் கேட்டார்கள்! சென்னைக்குச் சொந்தமான அணி என்பதே பொருள்.

2014-ல் தொடங்கிய இந்த அணிக்கு நடிகர் அபிஷேக் பச்சனும், கிரிக்கெட் வீரர் டோனியும் பங்குதாரர்கள். அப்போதைய பயிற்சியாளர், இத்தாலி நாட்டு மட்டராசி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்சு வீரர் ஜிடேன் தலையால் முட்டித் தள்ளினாரே, அவரேதான்!

முதல் ஆண்டிலேயே அணி பட்டியலில் முதல் இடம் பிடித்தது. ஆனால் அரை இறுதியில் கேரள அணியிடம் தோற்றது. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4—3. ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம்.

கடைசி இடம்

மறு ஆண்டு நிலைமை மோசம். மொத்தம் 8 அணிகள். ஒரு கட்டத்தில் சென்னை கடைசி இடத்துக்குப் போய்விட்டது. "இனி தேறாது" என்று பேசினார்கள்.

அதன் பிறகு கடைசி 4 லீக் ஆட்டங்களிலும் தொடர்ந்து வெற்றி! அரை இறுதிக்குள் நுழைந்தது அணி.

நுழைந்தும் என்ன பயன்? ஊரில் ஆட முடியவில்லை. சென்னையில் நடக்க வேண்டிய அரை இறுதி ஆட்டம் புனா நகருக்கு மாற்றப்பட்டது. வீட்டில் புகுந்த சேற்றை வாரிக்கொண்டு இருந்த ரசிகன், புனாவுக்கு எங்கே போவான்?

சொந்த ரசிகர்களின் கைதட்டல் இல்லாமலே கொல்கத்தா அணியை 3—0 என்று சென்னை வென்றது. கொல்கத்தாவில் நடந்த அடுத்த ஆட்டத்தில் 2—1 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் வெற்றி சென்னைக்கே.

மூச்சைப் பிடித்த நிமிடங்கள்

டிசம்பர் 20. இறுதி ஆட்டம் கோவாவில். எதிர்த்து ஆடியதும் கோவா அணிதான்.

முதல் கோலைப் போட்டது சென்னை. அடுத்த சில நிமிடங்களில் கோவா சமன் செய்தது. 87-வது நிமிடத்தில் இன்னொரு கோலும் போட்டது. 2—1! மைதானமே அதிர்ந்தது. ஆட்டம் முடிய இன்னும் மூன்றே நிமிடம்.

90-வது நிமிடத்தில் கோவா கோல் கீப்பர் கட்டிமணியின் மேல் பட்ட பந்து, அவருடைய கோலுக்குள்ளேயே புகுந்தது. பாவம், என்ன செய்வார் அவர்! 2—2.

அடுத்து, கொலம்பியா நாட்டு வீரர் மெண்டோசா பந்தை உதைத்தார். கோல்! அந்தத் தொடரில் அவர் போட்ட 13-வது கோல் அது. 3—2. கோப்பை சென்னைக்கு!

மீண்டும் அதே கணக்கு

2018-ல் இந்த அணி மறுபடியும் கோப்பையை வென்றது. அந்த ஆண்டு அரை இறுதியில் கோல் போட்டவர்களில் ஒருவர், வடசென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த தனபால் கணேஷ்.

இறுதி ஆட்டம் பெங்களூரில். எதிரி, பெங்களூர் அணி. இந்த முறையும் எதிரியின் ஊர். கோல் கணக்கும் அதே 3—2!