அநீதியை அறிவித்தல்: ஓர் அமானிதம்

நபித்துவத்திற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், யமன் நாட்டு ஸுபைத் குலத்தைச் சேர்ந்த வணிகர் ஒருவர் சரக்குடன் மக்கா வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்னும் குறைஷிப் பிரமுகர் சரக்கைப் பெற்றுக்கொண்டு விலையைத் தர மறுத்துவிட்டார். வணிகர் பல குலத்தாரிடமும் முறையிட்டுப் பார்த்தார், எவரும் செவிசாய்க்கவில்லை. குறைஷியர் கஅபாவைச் சுற்றித் தத்தம் அவைகளில் அமர்ந்திருந்த வேளையில், அவர் அபூ குபைஸ் மலைமீது ஏறித் தமக்கு நேர்ந்ததைக் கவிதையாக உரத்துக் கூறினார். அதன் பின்னரே ஸுபைர் இப்னு அப்துல் முத்தலிபின் முயற்சியால் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் சில குலத்தார் கூடினர். ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கை பிறந்தது. வணிகரின் உரிமையும் மீட்டுத் தரப்பட்டது. இளைஞராக அதில் பங்கேற்ற நபிகளார் (ஸல்), இஸ்லாம் வந்த பின்னரும் அதனைப் பெருமிதத்துடன் நினைவுகூர்ந்தார்கள்.

உடன்படிக்கையைப் பற்றி நம்மவர் நிறைய எழுதியிருக்கின்றனர். அவ்வணிகர் மலையேறியதைப் பற்றி எழுதியது குறைவு. அநீதி நடந்தது ஊரறிந்ததுதான். ஆயினும் அது பொதுவில் சொல்லப்படும் வரை எவருக்கும் அது தம் பொறுப்பாகத் தோன்றவில்லை. மனித உரிமை அமைப்புகளின் தகவல் பிரிவுகள் இன்று செய்ய முனைவது இந்த மலையேற்றத்தைத்தான். ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்னும் உலக அமைப்பே, வழக்கறிஞர் பீட்டர் பெனன்சன் 1961 மே 28 அன்று லண்டன் ‘அப்சர்வர்’ இதழில் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான்.

நம் நாட்டில் இப்பணி சட்டத்திலேயே இடம் பெற்றுள்ளது. 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், வெளியீடுகள், ஊடகங்கள், கருத்தரங்குகள் வாயிலாக மக்களிடையே உரிமை அறிவைப் பரப்புவதை ஆணையத்தின் கடமைகளுள் ஒன்றாக 12ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. இது வெறும் அலங்காரம் அன்று என்பதை அதே சட்டத்தின் 36ஆம் பிரிவு உணர்த்தும்: உரிமை மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் அதனை விசாரிக்க இயலாது. நீதிமன்ற வழி வேறு. தேசிய ஆணையத்திற்குப் புகார் அனுப்பக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். இவையனைத்தும் அறிந்தவருக்கே பயன். அறியாதவருக்கு ஓராண்டு ஓசையின்றிக் கழிந்துவிடுகிறது.

அறியாதவர் யார் என்பதைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் புறநகர் ரயிலில் பொத்தேரியில் இறங்கும் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவரே மிகுதி. அவர்களிடம் கைப்பேசி உண்டு, ஆங்கிலம் உண்டு. அவர்களுக்காக எழும் அடுக்குமாடிகளைக் கட்டுவோர் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசுகின்றனர். அதே மாவட்டத்து இருளர் குடியிருப்புகளிலோ முதியோர் பலருக்கு எந்த மொழியின் எழுத்தும் தெரியாது. அங்கே துண்டறிக்கை வெறும் காகிதம், வாய்ச்சொல்லே செய்தி.

செய்தி வெளியே வருவதன் வலிமைக்கு வாச்சாத்தி சான்று. தருமபுரி மாவட்டத்து அம்மலையோரச் சிற்றூரில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக்கட்டைத் தேடலின் பெயரால் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு உள்ளாயினர். அரசுத் தரப்பு மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கத்தினர் விடாது வெளிக்கொணர்ந்ததால் வழக்கு 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. 2011 செப்டம்பர் 29 அன்று, உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். 2023இல் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

வெளியே சொல்வது மட்டும் போதாது. சொல்வது மெய்யாக இருத்தல் வேண்டும். அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் செய்தியைத் தீர விசாரிக்கப் பணிப்பதை நாம் அறிவோம். ஹதீஸ் கலை வல்லார் ஒவ்வோர் அறிவிப்பாளரையும் எடைபோட்டு ஸனதைச் சோதித்த முறைக்கும், நல்லதொரு கள ஆய்வறிக்கை ‘நேரில் கண்டவர் யார், கேள்விப்பட்டவர் யார்’ எனப் பிரித்தெழுதும் முறைக்கும் உள்ள உறவு நெருக்கமானது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது, பரப்பியோர் பலர் இரக்கத்தால்தான் பரப்பியிருப்பர். அச்சத்தைச் சுமந்தவரோ அத்தொழிலாளரே.

இனி, நம்மை இன்னும் உறுத்தும் ஒரு செய்தி. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகள் மீட்கப்பட்டனர், இருளர்கள். பொத்தேரியும் அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திற்குள்தான் இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது அவ்வாண்டின் நவம்பரில். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து கிடக்கும் படம் நாடெங்கும் பரவியது. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது என்பதை அறியாத பல்லாயிரவர் அப்படத்தால் அறிந்தனர். அவ்வகையில் அது பயன் தந்தது. ஆனால் தம் உரிமையைப் பெற்றவர் அங்கே யாசகராகவே தெரிகிறார். அம்முதியவர் நிமிர்ந்து நின்று விடுதலைச் சான்றிதழைப் பெறும் படம் இருந்திருப்பின் அது இத்தனை வேகமாகப் பரவியிராது. அதற்காகவே அதனைத் தேர்ந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. பிறர் மானத்தைக் காப்பதை மார்க்கக் கடமையாகக் கற்றவர்கள், இரக்கத்தைத் தூண்டுவதற்காக அதனைச் செலவிட இயலாது.

ஸுபைத் குலத்து வணிகர் மக்காவாசிக்கு அந்நியர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் சமுதாயம் தன் சிறைவாசிகளுக்காகக் குரல் எழுப்பக் கற்றிருக்கிறது, அது நியாயமே. இருளருக்காகவும் ஒடியாத் தொழிலாளிக்காகவும் எழுப்பியது எவ்வளவு? ஜும்ஆவுக்குப் பின் ஜனாஸா அறிவிப்பும் சந்தா அறிவிப்பும் செய்யும் ஒலிபெருக்கி நம் பள்ளிவாசல்களில் இருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளர் பலர் அங்கே நம்முடன் ஸஃப்பில் நிற்கின்றனர். ஓராண்டுக் கெடு, கட்டணமின்மை, கூலி தராமல் அடைத்து வைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம் என்பது ஆகிய மூன்றையும் தமிழிலும் உருதுவிலும் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.