எல்.எல்.எம். எங்கே படிப்பது?

இரும்பு சென்னையிலும் லண்டனிலும் ஒரே சூட்டில்தான் உருகும். அதனால் பொறியியல் படித்தவர் எந்த ஊரில் படித்தாலும் படிப்பு கூடவே வரும். சட்டம் அப்படிப் பயணம் செய்யாது. அது அந்தந்த நாட்டு மண்ணில் வேர் விட்டது. ஆகவே எல்.எல்.எம். என்னும் சட்ட மேற்படிப்புக்கு இடம் தேடுகிறவர், பல்கலைக்கழகங்களின் தரவரிசையைப் பார்ப்பதற்கு முன், எந்த ஊர் நீதிமன்றத்தில், எந்த ஊர் அலுவலகத்தில் பிழைக்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. இந்தியாவில் வக்கீல் ஆவதற்கு 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் எல்.எல்.எம். கேட்பதில்லை. உரிமையியல் நீதிபதியாக நுழைய மூன்றாண்டு வக்கீல் தொழில் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்தது. பட்டம் அந்த அனுபவத்துக்கு ஈடாகாது. சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தத்தான் எல்.எல்.எம். கட்டாயம், கூடவே பெரும்பாலும் நெட் என்னும் தகுதித் தேர்வும். அந்த வழியில் போகிறவருக்குக் கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி, திருச்சியிலோ பெங்களூரிலோ உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டில் முடிப்பதே சிக்கனமான வழி.

கடல் கடந்து தொழில் செய்ய நினைப்பவர் அந்த நாட்டு விதியை வரி வரியாகப் படிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2021 முதல் பட்டதாரி ஒருவர் சொலிசிட்டர் ஆகப் பொதுவாக எஸ்.க்யூ.இ. என்னும் தகுதித் தேர்வும் இரண்டாண்டுப் பணி அனுபவமும் வேண்டும், எல்.எல்.எம். அதற்குத் தேவையே இல்லை. நியூயார்க் இன்னும் நுணுக்கமானது. நம் சட்டமும் ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் வந்தது என்பதால், முழுநேரமாகப் படித்த இந்தியப் பட்டதாரி எல்.எல்.எம். இல்லாமலே அங்கு பார் தேர்வெழுதத் தகுதி பெற வாய்ப்புண்டு. குறை இருந்தால் அமெரிக்க எல்.எல்.எம். அதை நிரப்பும்; ஆனால் 24 கிரெடிட் வேண்டும், தொழில் நெறி, சட்ட எழுத்து, அமெரிக்கச் சட்ட அறிமுகம் ஆகிய பாடங்கள் அதில் அடங்க வேண்டும். மனம்போல விருப்பப் பாடங்களை எடுத்தவருக்குப் பட்டம் கிடைக்கும், தேர்வெழுதும் தகுதி கிடைக்காமல் போகலாம். தகுதி மதிப்பீட்டுக்குச் சான்றிதழ்களை முதலில் அனுப்பிவிட்டுக் கல்லூரி தேடுவதே முறை.

பெரிய பெயருக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆசிரியப் பணியிலும் ஆய்விலும் மிகவும் உண்டு. ஆனால் இந்தியாவின் பெரிய சட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் ஐந்தாண்டுப் படிப்பு முடிகிற வளாகத்திலேயே ஆள் எடுத்துவிடுகின்றன. கடன் வாங்கிய ஓராண்டுப் பட்டம் அந்த வாசலைத் திறக்கும் என்று நம்புவது ஆபத்து. எல்லை தாண்டும் துறைகள் இருக்கின்றனவே என்பது அடுத்த கேள்வி. அது நியாயமானது. உலகக் கப்பல் ஒப்பந்தங்களில் பெரும்பகுதி ஆங்கிலச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டு, தகராறு வந்தால் லண்டன் நடுவர் மன்றத்துக்குப் போகிறது. தூத்துக்குடிக் கப்பல் வழக்குகளை நடத்த விரும்புகிறவர் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கடல்சார் சட்டம் படிப்பது சரியான கணக்கு. செலவுக்குப் பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை இருக்கிறது. அதற்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும், படித்த பின் இரண்டாண்டு ஊர் திரும்பி இருக்கவும் வேண்டும். இளம் பட்டதாரிகளே, முதலில் ஒரு சீனியர் வக்கீலிடம் இரண்டு வருடம் வழக்குக் கட்டுத் தூக்குங்கள். எந்தச் சட்டத்தில் உங்களுக்குப் பிழைப்பு என்று தெரிந்த பிறகு கட்டணம் கட்டுங்கள்.