நெடும்பயணமும் வண்டியின் எடையும்



காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத் தெருக்களில் நடந்து செல்வோர் தறியின் ஒலியைக் கேட்கலாம். பட்டு நெசவில் தறிக்கு அடுத்த இடம் தராசுக்கே உரியது. பட்டு நூலை எடை போட்டே நெசவாளரிடம் கொடுப்பர். நெய்து முடித்த சேலையையும் எடை பார்த்தே பெற்றுக்கொள்வர். இவ்வளவு கருத்தாகப் பட்டை நிறுக்கும் நாம், உற்றார் உறவினரை ஏற்றிக்கொண்டு தொலைதூரம் புறப்படும் வண்டியை எடை பார்ப்பதுண்டா? பெரும்பாலும் இல்லை. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

முதலில் என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களை ஒரு வேனில் சுற்றுலாவுக்கு அனுப்பினேன். ஏமாற்றத்தோடு நின்ற ஐந்து சிறுவர்களையும் இரக்கத்தால் ஏற்றச் சொன்னேன்; சமையல் பாத்திரங்களும் கூரைமேல் ஏறின. நடுவழியில் பின் டயர் வெடித்து, வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் ஒரு மாணவனுக்குக் கை முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு அவன் என்னை வணங்க முயன்ற காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை. அன்று என்னிடம் இரக்கம் இருந்தது, கணக்கு இல்லை.

இது நிற்க. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் மதுரை, இராமேசுவரம் சென்று, திரும்புகையில் கொல்லிமலையும் காண எண்ணி ஒரு வேனை அமர்த்தினோம். வழியில் சமைத்து உண்ணவும், சில இரவுகளை வண்டியிலேயே கழிக்கவும் திட்டம். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். எனவே, புறப்படுமுன் வண்டியின் பதிவுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். அதில் இரண்டு எண்கள் முக்கியமானவை. ஒன்று, சுமையற்ற எடை: 2,240 கிலோ. மற்றொன்று, சுமையோடு கூடிய மொத்த எடையின் வரம்பு: 3,300 கிலோ. இடைப்பட்ட 1,060 கிலோவே நாம் ஏற்றத்தக்கது. சட்டத்தின்படி சுமையற்ற எடையில் ஓட்டுநரின் எடை சேராது. அவரையும் நம் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

ஓட்டுநரோடு நாங்கள் 13 பேர். சராசரி 60 கிலோ எனக் கொண்டால் 780 கிலோ. பின்னர்ப் பொருத்திய கூரைச் சட்டம் 60, ஆறு தண்ணீர்க் கேன்கள், கேனுக்கு 20 லிட்டர் வீதம் 120, அரிசி, பருப்பு 40, அடுப்பும் பாத்திரங்களும் 60, துணிப்பெட்டிகள் 130. ஆகமொத்தம் 1,190 கிலோ. ஏட்டுக் கணக்கிலேயே 130 கிலோ மிகுதி.

“அப்பா, தண்ணீருக்கும் துணிக்குமா கணக்கு?” என்று என் மகன் நகைத்தான். “தாத்தா, வேனை எந்தத் தராசில் வைப்பது?” என்று பேத்தி கேட்டாள். லாரிகளை நிறுக்கும் எடை மேடைக்கு அழைத்துச் சென்று காட்டினேன். எல்லோரும் வண்டியில் அமர்ந்தபடியே இருந்தோம். முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடைமேல் நிறுத்தினோம்: 1,240 கிலோ. பிறகு முழு வண்டியையும் நிறுத்தினோம்: 3,460 கிலோ. கழித்துப் பார்த்தால் பின்னச்சின் மீது 2,220 கிலோ. என் கணக்கைவிட 30 கிலோ கூடியது எவ்வாறு? கடைசி இருக்கையின் அடியில் உறவினருக்கென இரண்டு மூட்டைகள் இருந்தன. என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஏட்டில் எழுதாத பொருளைக் கணக்கு அறியாது. எடை மேடை அறியும்.

160 கிலோ மிகுந்தால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். வைகாசியில் வரதராசப் பெருமாள் தேரோட்டத்தைக் கண்டவர்கள் சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு செல்வோரைக் கவனித்திருப்பர். பெரும் பொருளை நகர்த்துவது அரிது. நகர்ந்ததை நிறுத்துவது அதனினும் அரிது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் எடைக்கு ஏற்பப் பெருகும். வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். மலையிறக்கத்தில் ஓயாமல் பிரேக்கை அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்புக் குறையும். சுமை மிகுந்த டயரோ ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி நசுங்கி நிமிர்ந்து, உள்ளேயே வெப்பம் கொண்டு வெடிக்கும். கூரைமேல் ஏற்றும் சுமை புவியீர்ப்பு மையத்தை உயர்த்துவதால் வளைவுகளில் வண்டி சாயும்.

சுமையின் அளவைப் போலவே அதை வைக்கும் இடமும் கருதத்தக்கது. நாங்கள் நான்கு தண்ணீர்க் கேன்கள், அடுப்பு, பாத்திரங்கள், இரண்டு மூட்டைகள், 20 கிலோ துணி ஆகியவற்றை இறக்கினோம். ஆக 190 கிலோ. மீண்டும் நிறுத்தபோது மொத்தம் 3,270 கிலோ. ஆனால் பின்னச்சில் குறைந்தது 190 அன்று, 205 கிலோ! முன்னச்சில் 15 கிலோ கூடியிருந்தது. காரணம் என்ன? இறக்கியவை பின்னச்சுக்கும் பின்னால் இருந்தவை. நெம்புகோலைப் போல அவை வண்டியின் முன்புறத்தைத் தூக்கிக்கொண்டிருந்தன. முன்சக்கரங்கள் தரையை நன்கு அழுத்தாவிடில் திருப்புவதும் கடினமாகும். வகுப்பில் படித்த நெம்புகோல் விதியைப் பேத்தி அந்த எடைச் சீட்டில் கண்டுகொண்டாள்.

ஐரோப்பாவிலும் வீட்டைப் போல அமைந்த வண்டிகளில் மக்கள் விடுமுறையைக் கழிக்கின்றனர். அங்கே சாதாரணக் கார் உரிமத்தோடு 3,500 கிலோ மொத்த எடை வரையுள்ள வண்டிகளையே ஓட்டலாம் என்பது பொதுவிதி. நம் நாட்டிலும் பதிவுச் சான்றிதழில் கண்ட மொத்த எடையை மீறி வண்டி ஓட்டலாகாது என 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கின்றது. ஆயினும் தண்டத்திற்கு அஞ்சி மட்டும் இதைச் செய்ய வேண்டுவதில்லை.

உங்கள் வீட்டில் பயணம் என்றால் இந்தப் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழின் இரு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்களையும் பொருள்களையும் கூட்டிப் பாருங்கள். அனைவரும் ஏறிய பின் எடை மேடைக்குச் செல்லுங்கள். கனமானவற்றைத் தாழ்வாக, அச்சுகளுக்கு இடையே வையுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போதே, முழுச் சுமைக்கெனக் குறித்த அளவுக்குக் காற்று நிரப்பச் சொல்லுங்கள்.

நாங்கள் வழியில் உணவு விடுதிகளில் உண்டோம். தண்ணீரை ஊர்தோறும் நிரப்பிக்கொண்டோம். 70 வளைவுகளையும் ஏறி இறங்கி நலமே வீடு சேர்ந்தோம். அந்த எடைச் சீட்டை என் நாட்குறிப்பில் வைத்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பே என் கையில் இருந்திருக்க வேண்டிய சீட்டு அது.