வண்டிப்பாதை

கிராமக் கணக்குகளில் ‘அ’ பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒரு கிராமத்து எல்லைக்குள் அடங்கிய நிலம் முழுவதையும் புல எண் வரிசையில் எழுதி, இது நஞ்சை, இது புஞ்சை, இது புறம்போக்கு என்று வகுத்து, பட்டாதாரர் பெயரும் தீர்வையும் குறித்துவிட்டு, கடைசிக் கலத்தில் ‘குறிப்பு’ என்ற தலைப்பின்கீழ் ஓரிரு சொற்களை மட்டும் போட்டு வைத்திருக்கும் இந்தப் புத்தகத்தை ரசிப்பதற்காக எடுத்து வாசித்தவர் எவரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் அந்தக் கடைசிக் கலத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வருகிறபோது, ஓடை, கண்மாய், களம், மந்தை, சுடுகாடு என்ற சொற்களுக்கு நடுவே ‘வண்டிப்பாதை’ என்ற சொல் தட்டுப்படுமானால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொழுதுக்கு வேண்டிய வழி கிடைத்துவிட்டது என்று நான் புத்தகத்தை மூடிவிடுவது வழக்கம்.

ஜீப் வகையைச் சேர்ந்த வண்டிகளை வாங்குகிறவர்கள் இக்காலத்தில் பெருகியிருக்கிறார்கள். அவற்றை விற்கிறவர்கள் காட்டும் சித்திரங்களில் லடாக்கின் பனிமலையும் ராஜஸ்தானத்து மணற்குன்றும் வருகின்றனவே அல்லாது, மேலூர்ப் பக்கத்துச் செம்மண் தடம் ஒன்றேனும் வந்ததில்லை. அதனால், நான்கு சக்கரமும் உழைக்கும் வண்டியைக் கடன்பட்டு வாங்கிய மனிதர், அதை ஓட்டத் தகுந்த இடம் 2,000 மைலுக்கு அப்பால்தான் இருக்கிறதென்று நம்பி, வருஷம் முழுவதும் துணிக்கடை வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் அதை நிறுத்திக்கொண்டிருக்கிறார். வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் அவர் தேடும் ஆனந்தம் இருக்கிறது. தேடும் முறைதான் தெரியவேண்டும்.

இந்த விளையாட்டுக்கு வழங்கும் ‘ஆஃப்ரோடு’ என்ற பெயரிலேயே ஒரு பிழை இருக்கிறதென்பது என் அபிப்பிராயம். ரோட்டை விட்டு விலகி ஓட்டுவது என்று அது பொருள்படும். அங்குலம் அங்குலமாக அளந்து கல் நட்டுக் கணக்கில் ஏற்றிய நம்முடைய பிரதேசத்தில், ரோட்டை விட்டு விலகினால் நாம் இறங்குவது ஒருவருடைய கடலைக் காட்டில், அல்லது சர்க்காருடைய வனத்தில். எனவே நமக்கு வேண்டியது தார் காணாத பொதுவழி ஒன்று. அப்படிப்பட்ட வழிகளை மாட்டுவண்டிகள் நமக்காக முன்பே போட்டு வைத்திருக்கின்றன. ஊரிலிருந்து கண்மாய்க்கும், கண்மாயிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து சந்தைக்கும், வருஷத்துக்கு ஒரு முறை குலதெய்வத்துக்கும் போய்வந்த வண்டிகளின் தடமே பின்னால் சர்வேக்காரர்கள் வந்தபோது இரட்டைக் கோடாக வரைபடத்தில் ஏறியது. இவ்வகைப் பொதுச் சாலைகள் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி கிராம ஊராட்சியின் பொறுப்பில் இருக்கின்றன. ஊராட்சியின் பொறுப்பு என்றால் ஊராருடையது என்று பொருள். அதில் போகிற வெளியூர்க்காரருக்கும் உரிமை உண்டு. விருந்தினருக்கு உள்ள உரிமை என்று அதை வைத்துக்கொள்வது சௌகரியம்.

‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே இப்போது பார்த்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு புலமாகப் பார்ப்பது யானையைத் தடவிப் பார்ப்பது போன்றது. முழு உருவம் தெரிய வேறு படம் வேண்டும். 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கிய காரியத்தின் சந்ததியென்று சொல்லத்தக்கவையான, இந்திய நில அளவைத் துறையின் படங்கள் இதற்கு உத்தமமானவை. தரையில் 1 கிலோமீட்டர் தாளில் 2 சென்டிமீட்டராக வரும் அளவில் அச்சான தாள்களில், நீர்நிலை நீலத்திலும், சாகுபடி நிலம் மஞ்சளிலும், காடு பச்சையிலும், மேடுபள்ளம் பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகளிலும், பாதைகள் சிவப்பிலும் காட்டப்பட்டிருக்கும். சிவப்புக் கோடு முறியாமல் ஓடினால் அது நமக்கு வேண்டாத நல்ல சாலை. துண்டு துண்டாக முறிந்து முறிந்து, நீலத்தை ஒட்டியும் பழுப்புக் கோடுகளின் அடிவாரத்தைச் சுற்றியும் போகுமானால், அங்கே தண்ணீரும் குன்றும் நிழலும் ஒருங்கே இருக்கும் என்று வீட்டிலிருந்தபடியே சொல்லிவிடலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: அந்தத் தாள் அச்சானபின் எத்தனையோ தடங்கள் தார்ச்சாலையாகிவிட்டன. 2000 டிசம்பர் 25இல் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கிய பிறகு அந்த மாற்றம் வேகம் பிடித்தது. ஆகையால் தாளில் கண்ட தடத்தைக் கைப்பேசியில் வரும் செயற்கைக்கோள் படத்தோடு ஒத்துப் பார்த்து, சாம்பல் நிறமாகத் தெரிந்தால் விட்டுவிட்டு, செந்நிறமாகவோ மங்கிய வெண்மையாகவோ தெரிந்தால் குறித்துக்கொள்ளவேண்டும். கைப்பேசி வழிகாட்டியை மட்டும் நம்பிப் புறப்படுகிறவரை, குறுக்கு வழி என்று சொல்லி அது கண்மாய்த் தண்ணீருக்குள் கொண்டுபோய் நிறுத்தினாலும் ஆச்சரியமில்லை.

படங்களைக் காட்டிலும் நேர்மையான சாட்சிகள் தரையிலே நிற்கின்றன. இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்த சுமைதாங்கி, கூரைக் கல் சரிந்த வழிப்போக்கர் மண்டபம், படியிறங்கும் கல்கிணறு, வயசான புளியமர வரிசை ஆகியவை ஒரு காட்டுவழியில் தென்படுமானால், அது நேற்று டிராக்டர் போட்ட தடமன்று, தலைச்சுமையோடு ஜனங்கள் நடந்த பெருவழி என்று நிச்சயிக்கலாம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பேரனுக்காக மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த புகழ் இன்னும் மங்கவில்லை; தென்பாண்டி நாட்டில் பழைய வழிகளை ‘மங்கம்மாள் சாலை’ என்று சொல்லும் வழக்கம் இருந்துவருகிறது.

நான் மதுரைக்காரன் ஆதலால் மதுரையைச் சுற்றியே என் உதாரணங்களும் அமைகின்றன. ஊருக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர் மலையும் அதன் அடியில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் இருப்பதைப் பலர் அறிவார்கள். அங்கே ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்களே அதிகம். அங்கிருந்து கொங்கர்புளியங்குளம் வரை, பின் செக்கானூரணி தாண்டி விக்கிரமங்கலம் வரை, நாகமலையின் நீண்ட முதுகை ஒரு புறத்தில் வைத்துக்கொண்டு, தார்ச்சாலையை விட்டுவிட்டும் பிடித்தும் கிராமத்துக்குக் கிராமம் போய்ப் பார்த்தால், பல குன்றுகளில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கையும் அதனருகே தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறிப்பும் காணக் கிடைக்கும்.

வடக்கேயும் கிழக்கேயும் இதைவிட விசேஷம். அழகர்மலைக் குகையில் கற்படுக்கைக்குக் கொடையளித்தவர்களாகப் பெயர் பொறித்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால், உப்பு வணிகன் ஒருவன், வெல்லப்பாகு விற்ற பாணித வணிகன் ஒருவன், ஏர்க்கொழு விற்றவன் ஒருவன், மதுரைப் பொற்கொல்லன் ஒருவன். மீனாட்சிபுரத்தை ஒட்டிய மாங்குளம் மலையில், நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரோடு வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவும் கல்லில் இடம்பெற்றிருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று ஆராய்ச்சியாளர் கணிக்கும் அந்த எழுத்துக்களை 1882இல் ராபர்ட் சூவெல் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அது தமிழே என்று துணிந்து வாசிக்க 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் வரவேண்டியிருந்தது. உப்பும் கொழுவும் ஆகாயத்தில் பறந்து வந்திருக்க முடியாது. இந்த மலைகளின் அடிவாரத்தில் வணிகச் சாத்துகள் போய்க்கொண்டிருந்தபடியால்தான் மலைமேல் வணிகர் பெயர் ஏறியது என்று கருத இடமுண்டு. அப்படியானால், மேலூர் வட்டத்துச் செம்மண் தடங்களில் இரண்டாம் கியரில் உருண்டுகொண்டிருக்கும் நாம், உப்பு வண்டிக்குப் பின்னால் சற்றுக் காலதாமதமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். அதே பக்கத்தில் உள்ள அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ராஜாளி இனங்கள் வாழும் பாறைகள் அவை. ஊர் எல்லையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு நடந்து போவதுதான் அங்கே முறை.

போகக்கூடாத இடங்களைப் பற்றி விரித்துச் சொல்ல அவசியமில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டு எல்லைக்கல் தெரிந்த இடத்தில் திரும்பிவிடவேண்டும். 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது, அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் நடைப்பயணம் போன 20க்கும் மேற்பட்டோர் மாண்டதை நினைத்துக்கொண்டால் சட்டம் வேண்டாம், அச்சமே போதும். கண்மாய்க் கரையும் கால்வாய்க் கரையும் பாதைபோல் தோற்றினாலும் அவை தண்ணீரைத் தாங்குவதற்கென்று கட்டியவை; மழைக்காலத்தில் நாம் பதித்த சக்கரத்தடம் கரை அறுவதற்கு வழி செய்துவிடும். கோயில்காட்டுக்குள் ஊரார் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுப் போகிறார்கள், வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கைவிட்ட கல் குவாரிகளுக்குப் போகும் அகன்ற பாதை மிகவும் ஆசை காட்டும். அதன் முடிவில் ஆழம் தெரியாத பச்சைத் தண்ணீர் நிற்கும்.

மண்ணின் குணத்தை அறியாமல் வண்டியின் குணத்தை மாத்திரம் அறிந்து பிரயோஜனமில்லை. செம்மண் மழையைக் குடித்துவிட்டு மறுநாளே கெட்டிப்படும். கரிசல் அப்படியன்று, ஈரம் பட்டதும் அது பசையாகிறது, சக்கரத்தின் பள்ளங்களையெல்லாம் அடைத்து உருண்டையாக்கி நான்கு சக்கர இழுவையையும் கேலிப்பொருளாக்கிவிடுகிறது. ஓர் ஐப்பசி மாதத்தில், முதல் நாள் இரவு பெய்த மழையைப் பொருட்படுத்தாமல், திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் தடத்தில் நான் இறங்கி, 200 அடி போவதற்குள் அச்சுவரை புதைந்து நின்றேன். டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துவிட்ட விவசாயி, “என்ன சார், மழை பேஞ்ச மறுநாள் கரிசக்காட்டுக்குள்ள காரை விடலாமா? மாடே இறங்காதே!” என்று கேட்டார். கூலியாகக் கொடுத்த பணத்தைவிட அந்தக் கேள்வி எனக்கு அதிக நாள் கடனாக நின்றது. அதுமுதல் கரிசல் பக்கத்துப் பயணங்களை மாசி, பங்குனிக்கு ஒத்திவைத்துவிட்டு, மழை முடிந்து கண்மாய்கள் நிறைந்திருக்கும் தை மாதத்தைச் செம்மண் பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

வண்டியைப் பொறுத்தவரை பெரிய வண்டி வேண்டும் என்பது மயக்கம். வயிறு தட்டாமல் போகிற உயரம் இருந்தால் சாதாரணக் காரே பாதி வழிகளுக்குப் போதும். மாட்டுவண்டியின் இரும்புப் பட்டாவும் டிராக்டர் சக்கரமும் இரு புறமும் ஆழமாக அறுத்து, நடுவில் ஒரு மேட்டை விட்டுவைத்திருக்கும். பள்ளத்தில் இறங்கி ஓட்டினால் அந்த மேடு வண்டியின் அடிவயிற்றைச் சுரண்டும். ஒரு சக்கரத்தை நடுமேட்டிலும் மறு சக்கரத்தை ஓரத்திலும் ஏற்றிக்கொண்டு நடைவேகத்தில் போகவேண்டும். ஓடை குறுக்கிட்டால் இறங்கி, ஒரு குச்சியால் ஆழத்தையும் அடிமண்ணையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடவேண்டும். மணலில் சக்கரக் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பிடிப்புக் கிடைக்கும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் ஏற்றிக்கொள்ளக் கையோடு ஒரு பம்பு அவசியம். இவ்வளவு முன்னேற்பாட்டையும் தோற்கடிக்கும் சத்துரு ஒன்று இருக்கிறது. சீமைக் கருவேல முள் டயரையும் வண்டியின் வர்ணத்தையும் சமமாகப் பாவிக்கும். பதிவேட்டில் வண்டி போகும் அகலமாக இருக்கிற பாதையை, தரையில் ஓர் ஆடு போகும் அகலமாக்கி வைத்திருப்பதும் பெரும்பாலும் அதுவே.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பின்னும் கடைசித் தீர்ப்பை மந்தையில் உள்ள டீக்கடையில்தான் கேட்கவேண்டும். பட்டா நிலத்தின் வழியாக ஊர் வழக்கத்தால் நடக்கும் பாதை எது, உண்மையான வண்டிப்பாதை எது என்று எந்தப் படமும் அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவரைப்போல் சொல்லாது. மேலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், போன தை மாதம், அப்படியொருவரிடம் கேட்டேன்.

“ஐயா, இந்தப் பாதை எங்கே போகுதுங்க?”

“கம்மாக்கரை வரைக்கும் போகும் தம்பி. அங்கிட்டுப் போனா அடுத்த ஊரு. எதுக்குக் கேக்குறீக?”

“சும்மா, பாத்துட்டுப் போகலாம்னுதான்.”

“சும்மாவா?” என்று அவர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். மழைக்காலத்தில் 108 வண்டி மந்தையோடு நின்றுவிடுவதையும், பிள்ளைத்தாய்ச்சியான மருமகளைக் கட்டிலோடு தூக்கி வந்ததையும், தார் போடச் சொல்லி ஊரார் மனுக் கொடுத்து மூன்று வருஷம் ஆவதையும் சொல்லி முடித்து, நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், “அப்ப இதையும் எழுதுங்க” என்றார். எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். வழியில் புல்லுக்குள் மறைந்த கல் ஒன்று இருக்கிறது, காட்டித் தருகிறேன் என்று அவரே முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். இரண்டு கிலோமீட்டரைக் கடக்க எங்களுக்கு முக்கால் மணி ஆயிற்று. ஒரு புறம் நிறைந்த கண்மாயும் மறு புறம் கதிர் முற்றிய வயலுமாக இருந்த அந்த வழியை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு வந்ததை, வண்டி திணறுகிறதென்றே அவர் எடுத்துக்கொண்டார் போலும். கரையோரத்தில் இறங்கும்போது ஆறுதலாகச் சொன்னார்:

“தார் போட்ட பெறகு வாங்க, தம்பி. அப்ப இம்புட்டு நேரம் ஆகாது.”